ஜிம் கார்பெட்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் (ஜூலை 25, 1875 - ஏப்ரல் 19, 1955) இந்தியாவில் பிறந்த ஆங்கிலேய வேட்டைக்காரர், எழுத்தாளர், காட்டுயிர்ப் பாதுகாவலர் ஆவார். ஜிம் கார்பெட் என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன், கட்வால் பகுதிகளில் மனிதர்களைக் கொன்று தின்ற புலிகளையும் சிறுத்தைகளையும் 1907 முதல் 1938 வரை தேடிச் சுட்டவர். பிற்காலத்தில் துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு ஒளிப்படக் கருவியைக் கையில் எடுத்தார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையக் காரணமாக இருந்தவர்களுள் இவரும் ஒருவர். அப்பூங்கா இன்று இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

கார்பெட் பயன்படுத்திய துப்பாக்கிகள் இவரது வாழ்க்கையோடு பிரிக்க இயலாதவை. வெடித்த குழலுடைய பழைய வாய்வழித் துப்பாக்கியில் தொடங்கி, படைத்துறையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி வழியாக, செருமானியப் படைத்துப்பாக்கியின் இயங்கமைப்பைக் கொண்ட ரிக்பி துப்பாக்கி வரை அவை நீள்கின்றன. படைக்கென உருவான ஆயுதங்கள் குடிமக்கள் கைக்கு வந்து சேர்ந்த வரலாற்றையும் அவற்றின் வழியாக அறியலாம்.

பிறப்பும் குடும்பமும்

கார்பெட் நைனிதாலில் பிறந்தார். இவரது முன்னோர் அயர்லாந்திலிருந்து இந்தியாவிற்கு வந்தவர்கள். தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் நைனிதாலில் அஞ்சலக அதிகாரியாகப் பணியாற்றினார். தாயார் மேரி ஜேன். பெரிய குடும்பத்தில் எட்டாவது குழந்தையாகப் பிறந்த கார்பெட், ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். அதன் பின்னர் மூத்த சகோதரர் டாம் தந்தையின் பணியை ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்.

குடும்பத்தினர் கோடைக் காலத்தில் நைனிதாலில் உள்ள கர்னி இல்லத்திலும், குளிர் காலத்தில் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி என்னும் ஊரிலும் வாழ்ந்தனர். காலாதுங்கியைச் சுற்றியிருந்த அடர்ந்த காடே கார்பெட்டின் உண்மையான பள்ளியாயிற்று. பறவைகளின் ஒலி, விலங்குகளின் எச்சரிக்கைக் குரல், மண்ணில் பதிந்த அடிச்சுவடு ஆகியவற்றைப் படிக்க அங்குதான் கற்றுக்கொண்டார். உள்ளூர் வேட்டைக்காரரான குன்வர் சிங் இவருக்குக் காட்டு வாழ்க்கையின் ஆசான்களுள் ஒருவராக விளங்கினார்.

முதல் துப்பாக்கி

கவண், வில் ஆகியவற்றுக்குப் பிறகு கார்பெட்டின் கைக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, உறவினரான ஸ்டீபன் டீஸ் என்பவர் கொடுத்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஆகும். குமாவுன் பறவைகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த டீஸுக்குப் பறவை மாதிரிகளைச் சேகரித்துக் கொடுத்ததற்குப் பரிசாக இது வழங்கப்பட்டது. இதன் இரு குழல்களில் ஒன்று வெடித்துப் பயனற்றுப் போயிருந்தது. உடைந்த அடிக்கட்டை பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

இது வாய்வழியாக மருந்து இடிக்கும் வகையைச் சேர்ந்தது. தமிழகச் சிற்றூர்களில் நாட்டுத் துப்பாக்கி என அழைக்கப்படும் வகையும் இதுவே. குழலின் வாயில் கருமருந்தை அளந்து கொட்டி, அடைப்பை இட்டு, ரவைகளைப் போட்டு, மீண்டும் அடைப்பை வைத்து இரும்புக் கம்பியால் இடிக்க வேண்டும். பின்னர் அடிப்பகுதியில் உள்ள முலையில் வெடிமூடியைப் பொருத்த வேண்டும். ஒருமுறை சுட்ட பின் மறுமுறை சுட ஒரு நிமிட அளவு நேரமாவது ஆகும். மருந்தும் ரவையும் சிறுவனுக்கு எளிதில் கிடைப்பவை அல்ல. எனவே ஒரு குண்டையும் வீணாக்காமல், இலக்குக்கு மிக அருகில் சென்ற பிறகே சுடும் பழக்கம் கார்பெட்டுக்கு ஏற்பட்டது. பிற்காலத்தில் ஆட்கொல்லிகளைத் தனியாகத் தேடிச் சென்றபோது அவரைக் காத்தது இந்தப் பழக்கமே எனலாம்.

மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களைக் கொண்டு பல ஊர்களில் தன்னார்வத் துப்பாக்கிப் படைகள் அமைக்கப்பட்டன. நைனிதாலிலும் அத்தகைய படை ஒன்று இருந்தது. பள்ளி மாணவர்கள் அதன் பயிற்சிப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். கார்பெட் ஏறத்தாழ பத்து வயதில் அதில் சேர்ந்தார். மாணவர்களுக்குப் பயிற்சிக்காகத் தரப்பட்டது .450 அளவுள்ள மார்ட்டினி துப்பாக்கி ஆகும்.

மார்ட்டினி-ஹென்றி 1871இல் பிரித்தானியப் படையில் சேர்க்கப்பட்டது. இயங்கமைப்பு பிரெடெரிக் வான் மார்ட்டினி என்பவருடையது. குழலின் உட்புறத் திருகுபுரி எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி வடிவமைத்தது. விசைக்குப் பின்னுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் அடைப்புக் கட்டை தாழ்ந்து குழலின் பின்வாய் திறக்கும். தோட்டாவை உள்ளே இட்டு நெம்புகோலை மேலே இழுத்தால் துப்பாக்கி சுடுவதற்கு ஆயத்தமாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டுமே இட முடியும். ஏறத்தாழ 31 கிராம் எடையுள்ள ஈயக் குண்டைக் கருமருந்து உந்தித் தள்ளும். சுட்டவுடன் எழும் வெண்புகை எதிரே உள்ளதை மறைத்துவிடும். இதன் பின்னுதைப்பு வளர்ந்த படைவீரர்களின் தோளையே நோகச் செய்யும். சிறுவர்களுக்கு அது பெரும் சோதனையாக இருந்தது. இரண்டாம் ஆப்கானியப் போரிலும் 1879ஆம் ஆண்டின் சூலுப் போரிலும் பிரித்தானியப் படை பயன்படுத்தியது இத்துப்பாக்கியையே.

நைனிதாலின் சுடுதளத்தில் நடந்த பயிற்சி ஒன்றில், உயர் படை அதிகாரி ஒருவர் சிறுவன் கார்பெட்டின் அருகில் வந்து, அவசரப்படாமல் சுடுமாறு கனிவுடன் வழிகாட்டினார். பதற்றம் நீங்கிய கார்பெட் எஞ்சிய குண்டுகளை நன்றாகச் சுட்டார். அந்த அதிகாரி பிற்காலத்தில் ஃபீல்டு மார்ஷல் ஆன ராபர்ட்ஸ் பிரபு ஆவார். இந்நிகழ்ச்சியைக் கார்பெட் தமது முதுமையில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

இதன் பின்னர் பயிற்சிப் பிரிவின் சார்ஜண்ட் மேஜர், விடுமுறையின்போது ஒரு மார்ட்டினி துப்பாக்கியைக் காலாதுங்கிக்கு எடுத்துச் செல்லக் கார்பெட்டை அனுமதித்தார். துப்பாக்கியைத் துடைத்துத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக்கூடுகளைத் திருப்பித் தரவேண்டும் என்பன நிபந்தனைகள். இந்தத் துப்பாக்கியால்தான் கார்பெட் தமது முதல் சிறுத்தையைச் சுட்டார். முதல் குண்டில் காயமுற்று ஓடிய சிறுத்தையை விட்டுவிட்டு வராமல், ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியுடன் தனியாகப் பின்தொடர்ந்து சென்று முடித்தார். காயப்பட்ட விலங்கைக் காட்டில் விட்டுவிட்டு வரக்கூடாது என்ற நெறியை இவர் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார்.

பழைய படைத்துப்பாக்கிகளும் ஆயுதச் சட்டமும்

1888இல் பல தோட்டாக்களைக் கொள்ளும் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியும், 1895இல் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியும் பிரித்தானியப் படைக்கு வந்தபோது மார்ட்டினி பழையதாயிற்று. 1857க்குப் பின்னர் இந்தியப் படைவீரர்களுக்கு ஆங்கிலேய வீரர்களைவிட ஒரு தலைமுறை பழைய ஆயுதங்களைக் கொடுப்பது அரசின் கொள்கையாக இருந்தது. ஆங்கிலேயர் மார்ட்டினியை ஏந்தியபோது இந்தியர் ஸ்னைடர் துப்பாக்கியை ஏந்தினர். ஆங்கிலேயர் புதிய துப்பாக்கிக்கு மாறிய பின்னரே மார்ட்டினி இந்தியருக்குக் கிடைத்தது.

குடிமக்களிடையே இந்த வேறுபாடு மேலும் பெரிதாக இருந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஆகவேதான் பத்து வயதுச் சிறுவனான கார்பெட் படைத்துப்பாக்கியுடன் காட்டில் திரிய முடிந்தது. அதே காட்டின் ஓரத்தில் வாழ்ந்த உழவர்களோ பன்றியிடமிருந்து பயிரையும் புலியிடமிருந்து உயிரையும் காக்கத் தடியையும் அரிவாளையுமே நம்பியிருந்தனர். ஆட்கொல்லி ஒன்று ஓர் ஊரில் நுழைந்தால் மக்கள் கதவை அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டிற்குள் முடங்கியதற்கு இச்சட்டமும் ஒரு காரணமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் .450 அளவுத் தோட்டாக்கள் இந்தியாவிற்குள் வருவதை அரசு தடை செய்தது. எல்லைப்புறங்களிலும் பிற இடங்களிலும் கிளர்ச்சியாளர்களிடம் இருந்த பழைய மார்ட்டினி துப்பாக்கிகளுக்கு அவை பயன்பட்டுவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். இதனால் இங்கிலாந்தின் துப்பாக்கி உற்பத்தியாளர்கள் இந்தியச் சந்தைக்காக .465, .470 போன்ற புதிய அளவுகளை உருவாக்க நேர்ந்தது.

தொடர்வண்டிப் பணி

குடும்ப வருவாய் போதாமையால் கார்பெட் பள்ளிப் படிப்பை முடித்தவுடன் வங்காள-வடமேற்குத் தொடர்வண்டி நிறுவனத்தில் எரிபொருள் ஆய்வாளராகச் சேர்ந்தார். பின்னர் பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்னுமிடத்தில் சரக்குகளை ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்கு மாற்றி ஏற்றும் ஒப்பந்தத்தை ஏற்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்குப் பணியாற்றினார். தொழிலாளர்களுடன் சேர்ந்து தாமும் சுமை தூக்கியதாலும் வருவாயைப் பகிர்ந்துகொண்டதாலும் அவர்களது அன்பைப் பெற்றார். ஆட்கொல்லி வேட்டைகள் பலவும் இப்பணியின் விடுமுறைகளில் நிகழ்ந்தவையே.

1915இல் காலாதுங்கிக்கு அருகில் சோட்டி ஹல்த்வானி என்ற ஊரின் நிலத்தை வாங்கி, குடியானவர்களைக் குடியேற்றி, பயிர்களைக் காக்க ஊரைச் சுற்றி நீண்ட கல்மதில் எழுப்பினார்.

ஆட்கொல்லி வேட்டைகள்

சம்பாவத் புலி

கார்பெட் சுட்ட முதல் ஆட்கொல்லி சம்பாவத் பெண்புலி ஆகும். நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்து 436 பேரை இது கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. 1907இல் கார்பெட் இதனைத் தேடிச் சென்றார். அரசு அறிவித்திருந்த பரிசுத் தொகையைத் திரும்பப் பெற வேண்டும், அப்பகுதியில் உள்ள மற்ற வேட்டைக்காரர்கள் விலக வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். பரிசுக்காக வேட்டையாடுபவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. அத்துடன், பிறர் தவறுதலாகச் சுடும் குண்டுக்கு இரையாகவும் விரும்பவில்லை.

நூற்றுக்கணக்கான ஊர் மக்கள் மலைச்சரிவில் நின்று ஒலி எழுப்பிப் புலியை விரட்டினர். அவர்களுள் சிலர் உரிமம் இல்லாத துப்பாக்கிகளையும் கொண்டுவந்தனர். தாசில்தார் அதனைக் கண்டும் காணாதவர் போல் இருந்தார். கார்பெட்டிடம் .500 அளவு இரட்டைக்குழல் ரைபிளும் மூன்று தோட்டாக்களும் மட்டுமே இருந்தன. மூன்றையும் சுட்ட பிறகும் புலி சாயவில்லை. கார்பெட் ஓடிச் சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்தார். அதன் குழலுக்கும் பின்பகுதிக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்ததை அப்போதுதான் கவனித்தார். வெடித்துவிடும் அபாயம் இருந்தும் அதனைக் கொண்டு சுட்டார். குறி தவறி அக்குண்டு புலியின் பாதத்தில் பட்டது. முன்னரே பட்ட காயங்களால் புலி அதே கணத்தில் உயிரிழந்திருந்தது.

புலியைப் பரிசோதித்தபோது அதன் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் சேதமடைந்திருந்தன. மேல் பல் பாதியாக முறிந்தும், கீழ்ப் பல் எலும்பு வரை ஒடிந்தும் காணப்பட்டன. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் சுட்ட குண்டே இதற்குக் காரணம் என்று கார்பெட் முடிவு செய்தார். இயல்பான இரையைக் கொல்ல முடியாததால் அப்புலி மனிதரைக் கொல்லத் தொடங்கியது. குறி தவறிய ஒரு குண்டின் விலை 436 உயிர்கள் என்பது இதன் பொருளாகும்.

பனார் சிறுத்தை

அல்மோரா மாவட்டத்தில் 400 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் பனார் சிறுத்தையை 1910இல் கார்பெட் சுட்டார். இரவில் மரத்தில் காத்திருந்து சுட்டபோது அது காயத்துடன் தப்பியது. பின்னர் தீப்பந்தம் ஏந்திய ஊர் மக்களுடன் அதனைத் தேடிச் சென்றார். சிறுத்தை பாய்ந்ததும் உடன் வந்தவர்கள் பந்தங்களைப் போட்டுவிட்டு ஓடினர். கீழே விழுந்த பந்தங்களின் வெளிச்சத்தில் கார்பெட் அதனைச் சுட்டு வீழ்த்தினார்.

ருத்ரபிரயாக் சிறுத்தை

கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் பயணிகளின் வழியில் 1918 முதல் 1926 வரை 125 பேரை ருத்ரபிரயாக் சிறுத்தை கொன்றதாக அரசுப் பதிவுகள் கூறின. இரவு வேளையில் எவரும் வெளியே நடமாடவில்லை. நஞ்சு, இரும்புப் பொறி, தானாகச் சுடும் துப்பாக்கிப் பொறி ஆகிய அனைத்தும் தோல்வியுற்றன. பல மாதத் தேடலுக்குப் பின்னர் 1926 மே மாதத் தொடக்கத்தில் குலாப்ராய் என்ற இடத்தில் மாமரம் ஒன்றில் காத்திருந்த கார்பெட், துப்பாக்கியில் பொருத்திய மின்விளக்கின் ஒளியில் அதனைச் சுட்டார். சுட்ட மறுகணமே விளக்கு அணைந்துவிட்டதால், குண்டு பட்டதா இல்லையா என்பதை அறிய விடியும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விடத்தில் நினைவுச் சின்னம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.

பிற வேட்டைகள்

64 பேரைக் கொன்ற சௌகர் புலியை 1930இல் சுட்டபோது கார்பெட்டின் இடக்கையில் பறவை முட்டைகள் இருந்தன. சில அடித் தொலைவில் படுத்திருந்த புலியைக் கண்டதும், முட்டைகளைக் கீழே போடாமல், எடை குறைந்த .275 ரைபிளை ஒரு கையால் மெல்லத் திருப்பிச் சுட்டார். சட்டென அசைந்திருந்தால் புலி பாய்ந்திருக்கும். 1938இல் சுட்ட தாக் பெண்புலியே இவரது கடைசி ஆட்கொல்லி ஆகும். அதன் உடலிலும் பழைய துப்பாக்கிக் காயங்கள் காணப்பட்டன. 1907 முதல் 1938 வரை 19 புலிகளையும் 14 சிறுத்தைகளையும் இவர் இவ்வாறு சுட்டதாகக் கணக்கிடப்படுகிறது.

ஆட்கொல்லிகள் உருவாவது குறித்த கருத்து

புலி இயல்பில் மனிதனைத் தின்னும் விலங்கு அன்று என்பது கார்பெட்டின் உறுதியான முடிவாகும். தாம் சுட்ட ஆட்கொல்லிகளின் உடல்களை ஆராய்ந்து, பெரும்பாலானவை காயமுற்றோ முதுமையுற்றோ இருந்ததை எடுத்துக்காட்டினார். முக்தேசர் புலியின் உடலில் முள்ளம்பன்றியின் முட்கள் ஐம்பதளவில் தைத்திருந்தன. அது ஒரு கண்ணையும் இழந்திருந்தது. வேறு பலவற்றின் உடலில் குண்டுகளோ ரவைகளோ இருந்தன.

திறன் குறைந்த துப்பாக்கியால் தொலைவிலிருந்து சுடுவது, காயமுற்ற விலங்கைத் தேடாமல் விடுவது ஆகிய இரண்டும் வேட்டைக்காரரின் தவறுகள். அவற்றுக்குரிய விலையைக் கொடுத்தவர்களோ புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டிற்குச் சென்ற பெண்களும் ஏழை உழவர்களும் ஆவர். கார்பெட்டின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி இதுவே.

ரிக்பி துப்பாக்கி

சம்பாவத் புலியைச் சுட்டதற்காக ஐக்கிய மாகாணங்களின் துணை ஆளுநர் சர் ஜான் ஹெவெட், 1907இல் கார்பெட்டுக்கு .275 ரைபிள் ஒன்றைப் பரிசளித்தார். பரிசளித்த விவரம் பொறித்த வெள்ளித் தகடு இதன் அடிக்கட்டையில் பதிக்கப்பட்டுள்ளது. 1775இல் டப்ளினில் தொடங்கப்பட்ட ரிக்பி நிறுவனம் இதனைச் செய்தது.

இது வேட்டைத் துப்பாக்கியே எனினும் இதன் உயிர்நாடியான இயங்கமைப்பு செருமனியின் மௌசர் நிறுவனத்தின் படைத்துப்பாக்கிக்கு உரியது. இதன் தோட்டாவும் 1893இல் ஸ்பானியப் படைக்காக ஏற்கப்பட்ட 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவே ஆகும். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போரில் போயர்கள் இதே தோட்டாவைப் பயன்படுத்திப் பிரித்தானியப் படைக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்தினர். ரிக்பி நிறுவனம் அதனை அங்குல அளவில் .275 எனப் பெயரிட்டு விற்றது. புகையிலா மருந்து, நேரான பாதை, குறைந்த பின்னுதைப்பு, எடைக் குறைவு ஆகியவற்றால் மலைப்பாதையில் நாள் முழுவதும் நடக்கும் ஒருவருக்கு இது மிகவும் ஏற்றதாக இருந்தது. பெரிய விலங்குகளை எதிர்கொள்ள ஜெஃப்ரி நிறுவனத்தின் .450/400 இரட்டைக்குழல் ரைபிளையும் கார்பெட் வைத்திருந்தார்.

போர்ப் பணிகள்

முதல் உலகப் போரின்போது 1917இல் குமாவுனைச் சேர்ந்த 500 பேரைத் திரட்டி, தொழிலாளர் படைப்பிரிவாகப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். பின்னர் வசீரிஸ்தானிலும் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது வயது அறுபதைக் கடந்திருந்தும், பர்மாப் போர்முனைக்குச் செல்லும் படைவீரர்களுக்குக் காட்டில் உயிர் பிழைக்கும் முறைகளைக் கற்பித்தார். இதற்காக 1944இல் இவருக்கு லெப்டினன்ட் கர்னல் பதவி வழங்கப்பட்டது. காட்டில் ஓசையின்றி நடப்பது, திசை அறிவது, உண்ணத்தக்க தாவரங்களைக் கண்டறிவது போன்றவை இவரது பாடங்களாக இருந்தன.

காட்டுயிர்ப் பாதுகாப்பு

வன அதிகாரியான எஃப். டபிள்யூ. சாம்பியன் காட்டு விலங்குகளை ஒளிப்படம் எடுப்பதில் முன்னோடி ஆவார். அவரது தாக்கத்தால் 1920களில் கார்பெட் ஒளிப்படக் கலையில் ஈடுபட்டார். பின்னர் புலிகளை அசையும் படமாகவும் பதிவு செய்தார். படக்கருவியின் ஓசை புலிகளைக் கலைத்ததால், ஓடையில் சிற்றணைகள் கட்டி நீரின் ஒலியில் அவ்வோசையை மறைத்தார். பள்ளிகளிலும் மன்றங்களிலும் காடுகளைக் காப்பது குறித்து உரையாற்றினார்.

1936இல் ஐக்கிய மாகாணங்களில் ஹெய்லி தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. இதன் எல்லைகளை வகுப்பதில் கார்பெட் உதவினார். விடுதலைக்குப் பின் ராம்கங்கா தேசியப் பூங்கா எனப் பெயர் மாற்றம் பெற்ற இது, 1957இல் கார்பெட் தேசியப் பூங்கா ஆயிற்று. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் இங்குதான் தொடங்கி வைக்கப்பட்டது.

விமர்சனங்கள்

கார்பெட் ஆட்கொல்லிகளை மட்டுமே சுட்டவர் அல்லர். 1930இல் இவர் சுட்ட பொவல்கர் ஆண்புலி மனிதர் எவரையும் கொன்றதில்லை. அதன் பெரும் உடலளவே வேட்டைக்காரர்களை ஈர்த்தது. ஆங்கிலேய உயர் அதிகாரிகளுக்காக வேட்டைகளையும் இவர் ஏற்பாடு செய்துள்ளார். குடியேற்ற ஆட்சியின் ஆயுதச் சட்டம் மக்களின் கைகளைக் கட்டிப்போட்டதையும், காடுகளில் அவர்களுக்கு இருந்த உரிமைகள் பறிக்கப்பட்டதையும் இவர் போதுமான அளவு கேள்விக்கு உட்படுத்தவில்லை என்ற கருத்தும் உண்டு. எனினும் குமாவுன் மக்களின் துணிவையும் வறுமையையும் மதிப்புடன் எழுதியவர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கென்யாவும் இறுதிக் காலமும்

திருமணம் செய்துகொள்ளாத கார்பெட், சகோதரி மேகியுடன் வாழ்ந்து வந்தார். 1947 நவம்பரில் இருவரும் இந்தியாவை விட்டுக் கென்யாவின் நியேரி நகருக்குக் குடிபெயர்ந்தனர். புறப்படும் முன் தமது பழைய துப்பாக்கிகள் சிலவற்றைக் கார்பெட் காட்டில் புதைத்துவிட்டதாக வாழ்க்கை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. நியேரியில் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவலுக்காகக் கட்டப்பட்ட சிறு வீட்டில் வாழ்ந்தார். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அருகிலுள்ள ட்ரீ டாப்ஸ் மரவீட்டில் தங்கியபோது கார்பெட்டும் உடன் இருந்தார். அந்த இரவில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்ததால் எலிசபெத் அரசியானார்.

ட்ரீ டாப்ஸ் பற்றிய தமது ஆறாவது நூலை எழுதி முடித்த சில நாட்களில், 1955 ஏப்ரல் 19 அன்று மாரடைப்பால் கார்பெட் காலமானார். நியேரியில் உள்ள புனித பீட்டர் ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

துப்பாக்கிகளின் பிற்கால வரலாறு

கார்பெட்டின் ரிக்பி துப்பாக்கி, இவரது நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தது. 2015இல் ரிக்பி நிறுவனமே அதனை வாங்கியது. 2016இல் அத்துப்பாக்கி இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு, கார்பெட் வாழ்ந்த பகுதிகளில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஜெஃப்ரி இரட்டைக்குழல் துப்பாக்கி அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்தின் சேகரிப்பில் இருந்தது.

சிறுவயதில் கார்பெட் சுட்ட மார்ட்டினி வகைத் துப்பாக்கிகள் இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்களால் விரும்பிப் பேணப்படுகின்றன. குமாவுனை அடுத்துள்ள நேபாளத்தின் பழைய அரண்மனை ஒன்றில் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளையும், நேபாளத்திலேயே செய்யப்பட்ட ககேந்திரா துப்பாக்கிகளையும் 2003இல் அமெரிக்க வணிக நிறுவனங்கள் வாங்கிச் சென்றன. தோட்டாக்கள் எளிதில் கிடைக்காததால், சேகரிப்பாளர்கள் கூடுகளைத் தாமே வடித்து, கருமருந்தை நிரப்பிச் சுடுகின்றனர்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1878ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன வேறுபாட்டை நீக்கி, அனைவருக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. .303 உள்ளிட்ட படைத்துறை அளவுகள் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அதனாலேயே இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை குடிமக்களுக்காக .315 அளவு ரைபிள்களைச் செய்கிறது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது.

நூல்கள்

கார்பெட்டின் முதல் நூலான குமாயுன் புலிகள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. அதன் தொடக்க விற்பனை வருவாய் போரில் பார்வை இழந்த வீரர்களின் நலனுக்காக வழங்கப்பட்டது. இந்நூலைத் தமிழில் தி. ஜ. ர. மொழிபெயர்த்துள்ளார். எனது இந்தியா நூலை யுவன் சந்திரசேகர் மொழிபெயர்த்துள்ளார். ஆங்கிலத்தில் வெளிவந்த முக்கிய நூல்கள்:

* குமாயுன் புலிகள் (1944)
* ருத்ரபிரயாக்கின் ஆட்கொல்லிச் சிறுத்தை (1947)
* எனது இந்தியா (1952)
* கானக அறிவு (1953)
* கோயில் புலி (1954)
* ட்ரீ டாப்ஸ் (1955)

சிறப்புகள்

* கைசர்-இ-ஹிந்த் பதக்கம், 1928.
* பிரித்தானியப் பேரரசின் சி.ஐ.இ. விருது, 1946.
* இந்தோசீனப் புலி வகைக்கு 1968இல் இவரது நினைவாகக் கார்பெட்டி என அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.
* காலாதுங்கியில் இவர் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது.